ஆறாயிரம் ரூபாய் மிக்ஸிங் வகுப்பும் காசில்லாத கேடென்லைவும்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், அப்புறம் காரணம் சொல்கிறேன். பக்கத்து டவுனில் ஆறாயிரம் ரூபாய் கட்டி நான் சேர்ந்த ஒரு மாத வீடியோ எடிட்டிங் வகுப்புக்குப் பத்துக்கு மூன்று, அந்த மூன்றிலும் ஒன்று நாலு மணிக்குத் தவறாமல் வந்த டீக்கு. கேடென்லைவ் என்கிற இலவச எடிட்டிங் மென்பொருளுக்குப் பத்துக்கு எட்டு. பள்ளிக்கூடத்துக்காக எடிட்டிங் பழக நினைக்கும் டீச்சர்கள், சார்கள் யாராவது பணம் கட்டப் பையைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

நான் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சினிமா எடுக்கும் ஆசையெல்லாம் கிடையாது. புத்தகத்தில் காவிரி இருக்கிறது, என் பிள்ளைகள் தினமும் சைக்கிளில் தாண்டி வரும் வாய்க்கால் இல்லை, அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்று நாலு நிமிட வீடியோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் தேடினால் ட்ரோன் படமும் தபேலா இசையுமாக நிறைய இருக்கிறது, ஒன்றிலாவது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு மதகைக் காட்டியிருக்கிறார்களா என்றால் நான் பார்த்தவரை இல்லை.

எனக்கு எடிட்டிங்கே தெரியாது என்றும் சொல்ல முடியாது. கொரோனா சமயத்தில் செல்போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு பாட வீடியோ செய்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். 2020 ஜூன் கடைசியில் அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது நான் பழகி வைத்திருந்ததும் அதில் போயிற்று. அதற்கு முன்னால் விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது, அதை 2017 ஜனவரியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. இரண்டு தடவை பழகி இரண்டு தடவையும் கையைவிட்டுப் போனதால், இந்தத் தடவை ஒழுங்காக ஒரு இடத்தில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

வகுப்பு நடந்த இடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி. பகலில் அங்கே கல்யாண வீடியோ மிக்ஸிங், சாயங்காலம் வகுப்பு. சொல்லிக் கொடுத்த தம்பி கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை, கீபோர்டைப் பார்க்காமலே வேலை செய்வார். ஆனால் அவருக்குத் தெரிந்த உலகம் முகூர்த்தமும் ரிசப்ஷனும். முதல் வாரம் முழுக்க ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் போகும்போது ரோஜா இதழ் பறக்கவிடுவது எப்படி, இதயம் விரிந்து அதற்குள் மாப்பிள்ளை பெண் தெரிவது எப்படி. மூன்றாவது வாரம் நான் எடுத்து வந்த வாய்க்கால் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "டீச்சர், இது ரொம்ப ஸ்லோவா இருக்கு, குடுங்க, ரெண்டு நிமிஷத்துல கெத்தா ஆக்கித் தர்றேன்" என்றார். ஆக்கியும் தந்தார். தண்ணீர் தாளத்துக்குத் தகுந்த மாதிரி குதித்தது. என் மாமனாரிடம் காட்டினேன், அவர் விவசாயி, "இது எந்த ஊரு ஆறும்மா?" என்று கேட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அங்கே சொல்லிக் கொடுத்தது விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். வகுப்பு முடிந்ததும் அதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள், காசு கட்டி வாங்கியதாகத் தெரியவில்லை, கூடவே வைரஸும் வந்தது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் அதைச் செருகியிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பிள்ளைகளிடம் காப்பியடிக்காதே என்று சொல்லிவிட்டு டீச்சர் கிராக் பண்ணின மென்பொருளில் பாடம் செய்வது என்ன நியாயம்?

அப்போதுதான் என் அண்ணன் மகள், இன்ஜினியரிங் படித்தவள், "அத்தை, கேடென்லைவ் போட்டுப் பாருங்க, காசும் வேண்டாம், கிராக்கும் வேண்டாம்" என்று சொல்லி அவளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பையே கொடுத்துவிட்டுப் போனாள். நாலு ஜிபி ரேம். பிறகு நான் இன்னொரு நாலு சேர்த்துக்கொண்டேன்.

கேடென்லைவ் புதிதாக வந்தது அல்ல. 2002ல் ஜேசன் வுட் என்பவர் தொடங்கியது, இப்போது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் கவனித்துக்கொள்கிறார்கள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். வீடியோவின் ஓரத்தில் மென்பொருளின் பெயர் முத்திரையாக விழாது, முப்பது நாளில் காலாவதி ஆகாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. எனக்கு மிகவும் பிடித்தது, விண்டோஸுக்கு நிறுவத் தேவையில்லாத ஒரு பதிப்பு இருக்கிறது, பென்டிரைவில் வைத்து அப்படியே ஓட்டலாம். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ நமக்கு அனுமதி கிடையாது என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதல் நாள் திறந்து பார்த்தால் மிரட்டும், அதை மறைக்க மாட்டேன். இடது பக்கம் வீடியோக்களைப் போட்டு வைக்க ஒரு தொட்டி, நடுவில் விளைவுகளின் பட்டியல், வலது பக்கம் பார்க்கிற திரை, கீழே துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைன், எல்லாம் பொடி எழுத்து. நான் மூடி வைத்துவிட்டு இட்லிக்கு மாவாட்டப் போய்விட்டேன். மறுநாள் உட்கார்ந்தபோது தெரிந்தது, வகுப்பறைக்கு வேண்டியது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீடியோவைத் தொட்டியில் போடு, கீழே இழு, வேண்டாத இடத்தில் வெட்டு, வெட்டியதைத் தூக்கிப் போடு. எக்ஸ் தட்டினால் கத்தி, எஸ் தட்டினால் பழையபடி தேர்ந்தெடுக்கும் அம்பு, எம் தட்டினால் பின்னால் இருப்பதையெல்லாம் ஒன்றாகத் தள்ளும் கருவி. இந்த மூன்று எழுத்தும், செய்ததை ரத்து செய்யும் கண்ட்ரோல் இஸட்டும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. முதல் வீடியோவை உள்ளே போட்டவுடன் அதன் அளவுக்குத் தகுந்தபடி புராஜெக்டை மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் ஓரமெல்லாம் கறுப்பாக வரும். பழைய லேப்டாப் என்றால் ப்ராக்ஸி என்பதையும் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அதாவது பெரிய வீடியோவுக்குப் பதிலாக ஒரு சின்ன நகலைத் தானே செய்து வைத்துக்கொண்டு, நாம் வெட்டுவதையெல்லாம் அதன் மேல் வெட்டவிட்டு, கடைசியில் ரெண்டர் பண்ணும்போது, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது மட்டும் அசலை எடுத்துக்கொள்ளும். இது தெரியாத ஒரு வாரம் என் லேப்டாப் நெல் அவிக்கிற அண்டா மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

செல்போனில் எடுத்த வீடியோவுக்கு இன்னொரு தொல்லை உண்டு. போன் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், அதனால் போகப் போக வாயசைவும் குரலும் ஒட்டாமல் விலகும். கேடென்லைவ் இதைக் கண்டுபிடித்து எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கிறது. மாற்றினால் ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை, மாற்றிவிடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

வீடியோவில் எங்கள் வாய்க்கால் தலைப்பில் மதகைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர், லஸ்கர் அண்ணன், ஷட்டர் திறக்கும் காட்சி இருக்கிறது. இரும்புக் கைப்பிடியைச் சுற்றுகிறார், சுற்றுகிறார், சுற்றிக்கொண்டே இருக்கிறார், பலகை விரற்கடை விரற்கடையாக மேலே வருகிறது. நான் எடுத்தது ஆறு நிமிடத்துக்கு மேல். வகுப்பில் படித்த புத்தி, இழுவையாக இருக்கக் கூடாது என்று ஏழு நொடியாக வெட்டினேன்: கை, திருகு, தண்ணீர். அழகாகத்தான் இருந்தது. வகுப்பில் போட்டுக் காட்டினேன். முதல் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சுவிட்சு மாதிரி டக்குனு திறந்துக்குமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆறு நிமிடம் ஒரு மனிதர் தோள் வலிக்கச் சுற்றியதை என் கத்தி ஒரு சுவிட்ச் ஆக்கிவிட்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து அந்த இடத்தை நாற்பது நொடியாக நீட்டினேன், இசை இல்லை, கிரீச் கிரீச் என்கிற திருகுச் சத்தமும் அவர் மூச்சு வாங்குவதும் மட்டும். நடுவில் அவர் நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது எண்ணெய் கண்டு பல நாளாச்சு டீச்சரம்மா" என்று சொல்வதையும் வெட்டாமல் விட்டேன். மறுபடி போட்டபோது பிள்ளைகள் சுற்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

இதே தப்பு இன்னொரு இடத்திலும். மேட்டூர் அணையைத் திறப்பதைக் காட்டிவிட்டு அடுத்த வெட்டில் கல்லணை. 2025ல் ஜூன் 12ல் மேட்டூர் திறந்தார்கள், 15ல் கல்லணை. நடுவில் மூன்று நாள். என் வீடியோவில் அரை நொடி. பிள்ளைகளைக் கேட்டால் காலையில் திறந்தால் மத்தியானம் வந்துவிடும் என்றார்கள், அவர்கள் பார்த்தது அப்படித்தானே. கல்லணையில் வந்ததும் ஆற்றில் போய், வாய்க்காலில் பிரிந்து, வாய்க்கால் முடியும் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இவர்கள். அதனால் இரண்டு காட்சிக்கும் நடுவில் ஒரு கறுப்பு அட்டை வைத்தேன், வெள்ளை எழுத்தில் 'மூன்று நாள் கழித்து'. ஐந்து நொடி. கேடென்லைவில் எழுத்து அட்டை போட்டால் அதுவாகவே ஐந்து நொடிதான் வரும், நான் ஒன்றும் மாற்றவில்லை.

கல்யாண வீடியோவில் சலிப்பை வெட்டுகிறோம். பாடத்தில் அந்தச் சலிப்புக்குள்தான் சில சமயம் பாடமே இருக்கிறது. அந்தத் தம்பி மேல் தப்பில்லை, மூன்று மணி நேரக் கல்யாணத்தை மூன்று நிமிடமாகச் சுருக்குவது அவர் பிழைப்பு. ஆனால் ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று போர்டு வைத்தால், உங்களுக்கு எதற்கு வீடியோ என்றாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்காக அரை மணி நேரம் ஓட்டச் சொல்லவில்லை. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாட வீடியோக்களை வைத்து 2014ல் வந்த ஓர் ஆய்வில், எவ்வளவு நீள வீடியோவாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பது பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள். அது பெரும்பாலும் பெரியவர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு நாலே அதிகம். நான் நாலு நிமிடத்தையும் மூன்று துண்டாக வைத்துக்கொண்டு நடுவில் நிறுத்திப் பேசுகிறேன்.

கல்லணையில் ஆறு பிரிவதைக் காட்ட அனிமேஷன் எல்லாம் தேடவில்லை. கரும்பலகையில் சாக்பீஸால் முதலில் காவிரியை மட்டும் வரைந்து ஒரு போட்டோ, கொள்ளிடம் சேர்த்து ஒன்று, வெண்ணாறு சேர்த்து ஒன்று, கல்லணைக் கால்வாய் சேர்த்து ஒன்று. நாலு போட்டோவையும் டைம்லைனில் வரிசையாக வைத்து ஒன்றிலிருந்து ஒன்று மெல்லக் கரைகிற மாதிரி செய்தால் ஆறு தானே கிளை விடுகிறது. என் கோணல் கையெழுத்தோடு சேர்த்துத்தான்.

குரல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மாடியில் பதிந்தால் பக்கத்து மோட்டார், கூடத்தில் பதிந்தால் ஃபேன், ராத்திரி பதியலாம் என்றால் அந்த மாதம் முழுக்க மாரியம்மன் கோயில் ரேடியோ செட். கடைசியில் நெல் மூட்டை அடுக்கிய அறையில், இரண்டு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து, போனைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசினேன். எதிரொலி என்பதே இல்லை, சாக்கு எல்லாவற்றையும் குடித்துவிட்டது. ஒரே தொல்லை, தூசியில் தும்மல். மொத்தம் ஒன்பது தும்மல் வெட்டினேன். காசு கொடுத்து மைக் வாங்குவதற்கு முன் வீட்டில் மூட்டையோ மெத்தையோ இருக்கிற அறையைத் தேடுங்கள்.

தமிழ் எழுத்து விஷயத்தில் கேடென்லைவ் நல்ல பிள்ளை. கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கவில்லை, நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேட்டமரான் என்று இலவசமாகக் கிடைக்கும் எந்த யூனிகோடு எழுத்துருவும் ஒழுங்காக வந்தது. வம்பு எங்கே என்றால் நம் பழக்கத்தில். வினாத்தாளுக்குப் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்ததைக் காப்பி பண்ணி ஒட்டினால் ஏதோ ஆங்கில எழுத்துக்கள் கொட்டிக் கிடக்கும். அது மென்பொருளின் குறை இல்லை, பாமினி யூனிகோடு இல்லை. தமிழக அரசு 2010லேயே யூனிகோடு என்று ஆணை போட்டுவிட்டது, நம் டிடிபி கடைகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. இந்த எழுத்து அட்டை செய்யும் ஜன்னல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, வரியை நடுவில் நிறுத்தவே நாலு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. நான் குறைத்த இரண்டு மார்க்கில் ஒன்று அதற்கு, இன்னொன்று முதல் நாள் மிரட்டலுக்கு.

நான் மாட்டிக்கொண்ட ஒரு சங்கடம், நீங்கள் மாட்டாதீர்கள். எல்லாம் முடித்து, தலைமையாசிரியர், பெற்றோர் நாலு பேர் வரும் கூட்டத்தில் காட்டலாம் என்று புராஜெக்ட் ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிக் கணினியில் திறந்தால் ஒரு வீடியோவும் இல்லை, காணவில்லை காணவில்லை என்று பட்டியல் வாசிக்கிறது. புராஜெக்ட் ஃபைல் என்பது சமையல் குறிப்பு மாதிரி, எதை எங்கே வெட்டி எங்கே வைத்தோம் என்று மட்டும்தான் அதில் இருக்கும், அரிசி பருப்பு எல்லாம் வீட்டு லேப்டாப்பில். எனக்குத் தெரியவில்லை, என் தப்பு. தலைமையாசிரியர், "பரவாயில்லை டீச்சர், வாய்ல சொல்லுங்க" என்றார், சொன்னேன். ஆர்க்கைவ் புராஜெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டிக் கொடுத்துவிடும். வெறுமனே காட்டத்தான் என்றால் ரெண்டர் செய்து எம்பி4 ஆக எடுத்துக்கொண்டு போங்கள்.

மற்றவை பற்றி இரண்டு வரி. வெட்டி ஒட்ட மட்டும் போதும் என்றால் ஓபன்ஷாட் இன்னும் சுலபம், என்னோடு வேலை பார்க்கும் கணக்கு சார் அதைத்தான் வைத்திருக்கிறார். ஷாட்கட்டும் நன்றாக இருக்கிறது, அதற்கும் கேடென்லைவுக்கும் அடியில் ஓடும் இயந்திரம் ஒன்றுதான். விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது, 1080பி தரம் வரை முத்திரை இல்லாமல் எடுக்கலாம், ஆனால் மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும், எங்கள் பக்கத்து நெட்டை நம்பி நான் அதில் இறங்கவில்லை. டாவின்சி ரிசால்வ் சினிமாக்காரர்களின் சாமான், இலவசப் பதிப்பே பிரமாதம், பதினாறு ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருப்பவர்கள் போங்கள். போனிலேயே முடிக்க வேண்டுமென்றால் கைன்மாஸ்டர், இலவசத்தில் முத்திரை விழும், பிள்ளைகள் அந்த முத்திரையைத்தான் முதலில் படிப்பார்கள்.

எனக்கு ஆன செலவு: வகுப்புக்கு ஆறாயிரம், ரேமுக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, கேடென்லைவுக்குப் பூஜ்யம், நேரம் ஒன்றரை மாதம். வகுப்பில் சேராமல் இருந்திருந்தால் இருபது நாளில் முடித்திருப்பேன் என்பது என் கணக்கு.

அடுத்த வீடியோ நடவு பற்றி. நாற்றுப் பறிப்பிலிருந்து கட்டுக்கட்டாக முடி கட்டி வயலில் வீசுவது வரை எடுக்க வேண்டும், மெஷின் நடவு வந்துவிட்டதால் கையால் நடும் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், எங்கள் மாமாவே இந்தத் தடவை மெஷினுக்குச் சொல்லிவிட்டார். நம் பக்கத்து டீச்சர்கள் யாருக்காவது எடிட்டிங் பழக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாருங்கள், சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள், எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் இரண்டுதான். லஸ்கர் அண்ணன் ஷட்டருக்கு எண்ணெய் விட ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், அன்றைக்கு மட்டும் நான் இருக்க மாட்டேன்.